இரவல் குரல்

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்து ஜொகூர் பாருவுக்குள் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. நான் படித்த ஆங்கிலப் பள்ளியில் முதலில் சிப்பாய்களைத் தங்கவைத்தார்கள். பிறகு அரிசி மூட்டை அடுக்கினார்கள். அதன்பிறகு பூட்டிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நான் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. முன்வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். படிக்கப் புத்தகம் இல்லை, கடைத்தெருவுக்குத் தனியாகப் போக அனுமதி இல்லை, வயிறு நிறையச் சோறும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்து, "உன்ரை காலிலை சக்கரமோ? ஒரு இடத்திலை இரன் பிள்ளை" என்பார். உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிணற்றடியில் நிற்பேன்.

எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில் நிலையத்தில் சரக்குப் பகுதியின் கிளார்க். வெள்ளைக்காரன் காலத்தில் உட்கார்ந்த அதே மேசையில்தான் ஜப்பான்காரன் காலத்திலும் உட்கார்ந்தார். முன்பெல்லாம் வேலைவிட்டு வந்ததும் அன்றைய கதையைச் சொல்லிச் சிரிப்பார். இப்போது வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான் என்று ஆகியிருந்தது.

இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி திறந்திருக்கிறார்கள், போகாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்று செய்தி வந்தபோது அம்மா அழுதார். நான் ஓடிப்போய்ச் சட்டையைத் தோய்த்துப் போட்டேன். எந்தப் பள்ளியாக இருந்தால் என்ன, வாசலைத் தாண்டினால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒரு கடையின் மேல்மாடிதான் பள்ளி. காலையில் கிழக்குப் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்குவோம். பிறகு கைகால் வீசி உடற்பயிற்சி. பிறகு நிப்போன்கோ, அதாவது ஜப்பானியப் பாடம். சில மாதம் இப்படிப் போனது. ஒருநாள் ஒல்லியான ஒரு வாத்தியார் வந்தார். எங்கள் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தபோது பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிலோனா?"

"ஓம்."

"ஆமான்னு சொல்லு. குரல் நல்லா இருக்கு. பாஷையை மாத்திடலாம்."

ஒலிபரப்பு வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. சந்தைகளிலும் ரயில் நிலையத்திலும் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வீட்டு ரேடியோக்களில் வெளிநாட்டு நிலையம் கேட்காதபடி செய்துவிட்டு, கம்பத்து ரேடியோவை மட்டும் எல்லாரும் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. அதில் பேசத் தமிழ்க் குரல்கள் தேவைப்பட்டன. ஜொகூர் பாருவிலிருந்து கடல்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அதற்கு அப்போது சோனான் என்று பெயர். நன்றாகத் தேறுகிறவர்களை அங்கே உள்ள நிலையத்துக்கு அனுப்பக்கூடும் என்று வாத்தியார் சொன்ன அன்று நான் வீட்டில் கிழங்கைக்கூடத் தொடவில்லை. பாலத்தைத் தாண்டிப் போவது! அதை நினைத்தாலே உள்ளங்கால் கூசியது.

வாத்தியாருக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருக்கும். சண்டைக்கு முன் சிங்கப்பூர் ரேடியோவில் தமிழ் அறிவிப்பு வாசித்தவராம். ஜப்பான்காரர் யாராவது மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் நாங்கள் அவரை 'சென்செய்' என்போம், மற்ற நேரத்தில் 'சார்'. பேசும்போது அவர் முகம் அமைதியாக இருக்கும். மேசைக்குக் கீழே முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

வயர் இல்லாத, செத்துப்போன மைக் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மூங்கில் கம்பில் கட்டிவைத்திருந்தார். அதன் முன்னால் நூலில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, பகரம் வரும் சொற்களை வாசிக்கச் சொல்வார். காகிதம் ஆடக் கூடாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கக் கூடாது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்கக் கூடாது. இதெல்லாம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. 'கதைக்கிறது' போய் 'பேசறது' வந்தது, 'இஞ்சை' போய் 'இங்க' வந்தது. வீட்டில் மறந்துபோய் அப்படிப் பேசினால் அம்மா என்னை யாரோ அயல்வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வராதது பேட்டிதான். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். நான் கேள்வி கேட்பேன். எதிரே இருப்பவள் யோசிப்பாள். அந்த நேரம் எனக்குப் பொறுக்காது. "சந்தைக்குப் போனியா? மீன் வாங்கத்தானே? கிடைக்கலையா?" என்று பதிலையும் நானே சொல்லிவிடுவேன்.

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொள்வார். "கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடு. அவங்க யோசிக்கட்டும். சும்மா இருக்கிறதும் பேட்டிதான்."

"சும்மா இருந்தா என்னமோ தப்பு நடந்த மாதிரி இருக்கு சார்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும். பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கணும். வீட்டுல யாரையாவது கேட்டுப் பழகு."

வீட்டில் அப்பாதான் கிடைத்தார். ஒரு சாயங்காலம் அவர் கால் கழுவிவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டேன். "அப்பா, இது பள்ளிக்கூடப் பயிற்சி. இண்டைக்கு ஸ்டேஷனிலை என்ன வேலை நடந்தது?"

"வழக்கமான வேலைதான்."

நான் பேசவில்லை. முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான் அவர் சொன்னார்.

"சரக்கு ஏத்துற பெட்டியிலை ஆட்களை ஏத்தினாங்கள். எல்லாம் எங்கடை தமிழாட்கள். தோட்டத்திலை இருந்து லொறியிலை கொண்டுவந்தவங்கள். சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்காம். உள்ளை இருக்க இடமில்லை, நிக்கத்தான் இடம். வெயில் ஏறினாப் பிறகு பெட்டியைச் சாத்தினாங்கள். தண்ணி, தண்ணி எண்டு உள்ளை இருந்து தட்டினவங்கள்." தன் வலக்கையைப் பார்த்தார். "நான்தான் எத்தனை பெட்டி எண்டு எழுதினனான்."

சமையலறையில் துருவும் சத்தம் நின்றிருந்தது. அப்பா சட்டென்று எழுந்தார். "இது ரேடியோவிலை கதைக்கிற கதை இல்லைப் பிள்ளை. வெளியிலை மூச்சு விடாதை."

அதற்குப் பிறகு ரயில் கூவும்போதெல்லாம் என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரயில் நன்றாகக் கேட்கும்.

ஜப்பானியப் பிரசார அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வந்தது அதற்குச் சில வாரம் கழித்து. சுத்தமான உடை, மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. திடலில் பெரிய விழா நடக்கப்போகிறது. சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை வேலை செய்கிறவனின் மனைவி ஒருத்தியை மேடையில் ஏற்றிப் பேட்டி எடுக்க வேண்டும். கேள்வியும் பதிலும் அவர் அலுவலகத்திலிருந்து எழுதி வரும். கேட்பது ஒரு பள்ளி மாணவியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். இவ்வளவையும் அவர் மலாயில் சொல்லிவிட்டுப் புன்னகைத்தார். வாத்தியார் என்னைக் காட்டினார்.

பேட்டிக்கான பெண்ணைத் தயார்செய்ய நானும் வாத்தியாரும் லாரியில் கோத்தா திங்கி சாலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனோம். அப்பா சம்மதிக்கவில்லை. ஆனால் அவர் சம்மதத்தை யாரும் கேட்கவும் இல்லை. தோட்டத்தில் பால்வெட்டு நின்று நாளாகியிருந்தது. மரங்களுக்கு நடுவே புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் முன்னால் சிமெண்டுத் தரை போக மிச்ச இடமெல்லாம் மரவள்ளி நட்டிருந்தார்கள். ஆண்கள் அதிகம் கண்ணில் படவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கூட்டிவந்த பெண் என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். சாக்குத் துணியை இடுப்பில் சுற்றி, கிழிந்த சேலைத் துண்டை மேலே போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அலுவலகத்திலிருந்து எழுதி வந்ததை வாசிக்க அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்ய வேண்டும்.

"அக்கா, நான் 'உங்கள் கணவர் எங்கே வேலை செய்கிறார்'னு கேப்பேன். நீங்க 'சயாமில் வேலை செய்கிறார், நல்ல சாப்பாடு கிடைக்கிறது'னு சொல்லணும்."

அவள் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"அடுத்து, 'அவர் எப்படி இருக்கிறார்'. நீங்க, 'நலமாக இருக்கிறார், எங்களை நினைத்துக் கவலைப்படாமல் உழைக்கிறார்'."

அவள் அதைச் சொல்லவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "பாப்பா, நான் பேசறது அங்க அவருக்குக் கேக்குமா?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அங்கயும் கம்பம் நட்டு ரேடியோ வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்கம்மா" என்றார்.

"அப்ப ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன் சார். மூனு மாசத்துல கொண்டாந்து விட்டுருவோம்னு சொல்லித்தான் லாரியில ஏத்துனாங்க. அப்ப இது வயித்துல. அவருக்கு என்ன புள்ளன்னுகூடத் தெரியாது. பொட்டப் புள்ள, மூக்கு அவரு மூக்குன்னு மட்டும் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லச் சொல்றதெல்லாம் சொல்லிர்றேன்."

கேட்டுச் சொல்வதாக வாத்தியார் சொன்னார். கேட்டார். அதிகாரி தலையசைக்கவில்லை. வேலையைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் மட்டும் பேசினால் போதும் என்று பதில் வந்தது.

விழா நாளன்று திடல் நிரம்பியிருந்தது. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மாசாய் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்ததாகச் சொன்னார்கள். முக்கால்வாசி பெண்கள். கடல் பக்கமிருந்து காற்று வந்தும் எனக்கு வேர்த்து ஊற்றியது. காலையிலிருந்து நான்கு முறை தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு அதற்காகவே பயந்தேன். மேடையில் அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றார். நானும் அந்த அக்காவும் மைக்கின் முன்னால். இந்த முறை மைக்குக்கு உயிர் இருந்தது. நான் மூச்சு விட்டது திடலின் மறுகோடியில் கேட்டது.

முதல் கேள்வி கேட்டேன். அவள் பதில் சொன்னாள். அடுத்து, "உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தால் அவள் திரும்பச் சொல்லிவிடுவாள், எல்லாரும் கைதட்டுவார்கள், இறங்கிவிடலாம். கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அவள் மறக்கவில்லை என்று தெரிந்தது. அப்பா வெளியே பார்த்துவிட்டு என்னைப் பார்த்த அதே பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை.

"எப்படி இருக்காருன்னு எனக்குத் தெரியாது பாப்பா" என்றாள். ஒலிபெருக்கி அதைத் திடல் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு அவள் என்னை விட்டுவிட்டு நேராக மைக்கைப் பார்த்துப் பேசினாள். "ஏங்க, பொட்டப் புள்ள பொறந்திருக்கு. ஒங்க மூக்கு. நீங்க எங்க இருக்கீங்க? உசுரோட இருந்தா யாருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, "எங்க ஆளையும் கேளு தாயி" என்று கத்தினாள். இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் எத்தனை பேர் என்று தெரியவில்லை. திடல் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. சிப்பாய்கள் அங்கங்கே நிமிர்ந்து நின்றார்கள்.

அதிகாரி வாத்தியாரிடம் திரும்பி, அவள் என்ன சொன்னாள் என்று மலாயில் கேட்டார்.

வாத்தியாரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவரும் மலாயில்தான் பதில் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. "கணவன் போனபிறகு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்காக அவன் இன்னும் நன்றாக உழைக்க வேண்டும் என்று சொல்கிறாள். கேட்ட பெண்கள் எல்லாரும் உருகிப்போய்விட்டார்கள். தங்கள் கணவர்களுக்கும் வாழ்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் சிப்பாய்களும் தட்டினார்கள்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டது அன்றைக்கு மட்டும்தான். மறுநாளே அதிகாரி ஆள் அனுப்பினார். பேட்டி அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். அந்தப் பெண்ணைச் சோனான் நிலையத்துக்குக் கூட்டிப்போய், குழந்தை விஷயத்தையும் சேர்த்து மறுபடியும் பேசவைக்க வேண்டுமாம்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு வாத்தியார் என்னை நிறுத்தினார். மேசைக்குக் கீழே ஆடும் முழங்கால் இப்போது மேசையையே ஆட்டியது.

"அங்க தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒவ்வொரு வார்த்தையும் கேப்பான். அந்தம்மா வாயில மறுபடியும் அது வந்துச்சுன்னா அவங்களும் இல்ல, நானும் இல்ல. அவங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அதுக்கு அதிகாரி என்ன சொன்னாரு தெரியுமா? ரேடியோதானே, முகமா தெரியப்போகுது, அந்தப் பொண்ணையே மனைவி மாதிரி பேசவைன்னுட்டாரு."

"எந்தப் பொண்ணு சார்?"

"நீதான்."

அன்றிலிருந்து பயணத்துக்கு முந்திய நாள்வரை நான் அந்த அக்காவின் பேச்சை எனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஏங்க. ஒங்க. பொட்டப் புள்ள. உசுரோட. கிணற்றடியில் நின்று ஒருநாள் உரக்கவே சொல்லிவிட்டேன். அம்மா வாளியைப் போட்டுவிட்டு வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

பாலத்தைத் தாண்டியது ரயிலில். ஆசைப்பட்ட பயணம். ஆனால் சன்னல் வழியே பார்த்தது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பெட்டிக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது. நிலையம் உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறும்போது வயிறு கீழேயே தங்கிவிட்டது. அறைக்குள் குளிரூட்டியிருந்தார்கள். அதுவரை அப்படியொரு குளிரை நான் அனுபவித்ததில்லை. பல் கிடுகிடுத்தது, பயத்தில் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தமிழர் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கை ஒலியை நிறுத்தும் விசையின் மேல் இருந்தது. எழுதிய தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு முத்திரை.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாத்தியார் கேட்டார், நான் பதில் சொன்னேன். சயாம், நல்ல சாப்பாடு, கவலைப்படாமல் உழைக்கிறார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அப்போது வரவில்லை. குரல் அவளுடையதாக வருகிறதா என்பதுதான் கவலையாக இருந்தது. கடைசி வரிக்கு வந்தேன்.

"ஏங்க, பொட்டப் புள்ள பொறந்திருக்கு. ஒங்க மூக்கு. நல்லா ஒழைங்க."

தாள் அங்கே முடிந்தது. விளக்கு இன்னும் அணையவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"எப்ப வருவீங்க?" என்றேன்.

வெள்ளைச் சட்டைக்காரரின் கை அசைந்தது. விளக்கு அணைந்தது. நான் சொன்னதற்கு முன் அணைத்தாரா, பின் அணைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பும் ரயில் ஜொகூர் பாருவுக்குள் நுழையும்போது வாத்தியார், "அது எழுதாத வரி" என்றார். திட்டுகிறாரா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன்பிறகு வாசலில் சைக்கிள் நின்றாலும் என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று கிணற்றடிக்கு ஓடுவேன். யாரும் வரவில்லை. வாத்தியார்தான் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிடித்துப் போனார்கள் என்று ஒருவர், மலாக்கா பக்கம் போய்விட்டார் என்று ஒருவர். என்ன ஆனார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒலிபரப்பு வகுப்பை மூடிவிட்டு எங்களைக் கீரைப் பாத்தி கொத்த அனுப்பினார்கள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். சாலையில் பஸ் ஓடத் தொடங்கியதும் அப்பாவிடம் சொல்லிவிட்டு நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்ததால் குடையை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

அக்கா என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா! கோத்தா திங்கி சந்தையில கம்பத்து ரேடியோவுல என் கொரல் கேட்டுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எப்ப வருவீங்கன்னு நான் கேட்டேனாமே!" அவள் சிரித்தாள். "வந்துட்டாரு."

அவர் உள்ளே இருந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு காலில் முழங்கால்வரை துணி சுற்றியிருந்தது. குழந்தை அவர் பக்கம் போகாமல் கதவோரம் நின்று பார்த்தது. மூக்கு அவர் மூக்குதான்.

"அண்ணே, அங்க உங்களுக்கு ரேடியோ கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

"ரேடியோவா?" என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அங்க மழைதான் கேட்டுச்சு. என்ன பேசுனீங்க, சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார். நிறுத்திவிட்டேன்.

மழை வலுத்தது. ஆறு பெருகிச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, பஸ் வராது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாலை முனைவரை போய்த் தண்ணீரைப் பார்ப்பதும் லயத்துக்குத் திரும்புவதுமாக இருந்தேன். மூன்றாவதோ நான்காவதோ முறை போனபோது அவர் கம்பை ஊன்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்து நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

"பக்கத்து வீட்டுக்காரனும் நானும் ஒன்னாத்தான் போனோம். அவன் பேதியில போயிட்டான். நான்தான் குழி வெட்டுனேன். அவன் பொஞ்சாதி தினம் காலையில வந்து எங்க ஆளு எங்கன்னு கேக்குது. பின்னால வர்றான்னு சொல்லிட்டேன். தினமும் அதையே சொல்றேன்." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பேசப் படிச்சவங்க. நீங்க போய்ச் சொல்லிருங்களேன்."

"அண்ணே, நான் சொன்னா அந்தக்கா நம்ப மாட்டாங்க. நான் அவரைப் பார்த்ததுகூட இல்ல. நீங்க சொல்லுங்க. நான் கூட நிக்கிறேன்."

அவர் கம்பைத் திருப்பிக்கொண்டு நடந்தார். சேற்றில் அவர் கால் இழுபட்டது. நான் குடையை அவருக்குப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன்.

அடுத்த வீட்டில் அந்தப் பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க. யாரு இந்தப் பாப்பா?" என்றாள்.

அவர் உட்காரவில்லை. "அவன் வரமாட்டான் தங்கச்சி" என்றார்.

அவள் துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அவரும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, புண் காலை நீட்டி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன நாள், கடைசியாக என்ன சொன்னார் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பால் காய்ந்த வாசனையோடு அக்காவின் குழந்தை வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றேன்.